மற்றும் பிறர்

அறுநூற்றுப் பதினேழு.
காலையில் கோப்பி ஆறுவதற்குள்
ஒருமுறை பார்த்துவிடுவேன் அந்த எண்ணை,
சிலர் எடை பார்ப்பதுபோல,
சிலர் நாலு நம்பர் முடிவு பார்ப்பதுபோல.
பதினோரு ஆண்டுக்கு முன் எழுதிய கட்டுரை
எனக்காக இன்னும் வேலைக்குப் போய் வருகிறது.

உணரி இல்லாமல் மோட்டார் ஓட்டும் வித்தை அது.
உள்ளே காந்தம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதென்று
கண்ணால் பாராமல்
மின்னோட்டத்தின் நாடி பிடித்துச் சொல்வது.
ஓடும்போது எளிது.
ஓடுகிற எதுவும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.
நிற்கும்போதுதான் சிரமம்.
மெல்லச் சீண்ட வேண்டும் அப்போது,
கொசு ரீங்காரம்போல் ஓர் அலை.
அது முனகும் முனகலில் முகம் தெரியும்.

மேற்கோள்கள் பெரும்பாலும் கூட்டத்தோடு வரும்.
‘காண்க: ஏழு முதல் இருபத்துமூன்று வரை.’
பதினாறாவதாய் நான்,
எட்டு மணி ஜூரோங் ஈஸ்ட் நடைமேடையில்
யார் முதுகுக்கோ பின்னால் நிற்பதுபோல.
பூங்கோதை மற்றும் பிறர்.
சில சமயம் புங்கொத்தை.
ஒருமுறை, ஆணாகவும்.

ஒரு செவ்வாய்க்கிழமை
சுரபாயாவிலிருந்து ரெத்னோ என்றொரு மாணவி:
மன்னிக்கவும், ஒன்பதாம் சமன்பாட்டில்
கூட்டல் இருக்கும் இடத்தில்
கழித்தல் அல்லவா வர வேண்டும்?
அவள் மோட்டார் ஒவ்வொரு தடவையும்
பின்பக்கமாகப் புறப்படுகிறதாம்.

கிளமெண்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
மின்கட்டண உறையின் பின்புறத்தில்
இரவு பன்னிரண்டரைவரை போட்டுப் பார்த்தேன்.
கழித்தல்தான்.
இன்னொரு உறை எடுத்தேன்.
கழித்தலேதான்.

அறுநூற்றுப் பதினேழு பேர்
வாசலில் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு
உள்ளே வராமல் போயிருக்கிறார்கள்.
வந்தவள் ஒருத்தி.
அவளும் படி தடுக்கி விழுந்தபின்
யார் கட்டிய படி என்று கேட்கிறாள்.

ஆனால் எங்கள் மோட்டார் ஒழுங்காகத்தானே ஓடியது?
காணொளிகூட இருக்கிறது, நான் கை தட்டுகிறேன்.
பழைய நிரலைத் தோண்டினேன்.
இருநூற்றுப் பதின்மூன்றாம் வரியில்
கழித்தல் குறி, இருக்க வேண்டிய இடத்தில்.
பக்கத்தில் மலாயில் ஒரு குறிப்பு:
தலைகீழாச் சுத்துது. மாத்திட்டேன். ஜுனைடி.

ஜுனைடி.
சாலிடர் புகைக்கு நடுவே
சுட்ட விரலை ஊதிக்கொண்டிருந்த தொழில்நுட்பர்.
மற்றும் பிறரில் அவர் இல்லை.
நன்றியுரையிலும் தேடினேன்:
நிதி தந்த அமைப்பு, பேராசிரியர் இருவர்,
பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்கள்.
பெயர் தெரியாதவர்களுக்குக்கூட
நன்றி சொல்லியிருக்கிறேன்.

இப்போது மின்தூக்கிப் பராமரிப்பில் இருக்கிறாராம்.
செய்தி அனுப்பினேன், மூன்று பத்தி, இரண்டு மன்னிப்பு.
உடனே பதில்:
அன்னைக்கே சொன்னேன்லா.
நீங்க காதுல இயர்போன் மாட்டியிருந்தீங்க.

திருத்தம் வெளியாகி ஏழு மாதம்.
அரைப் பக்கம்.
இருவருக்கும் பெயர் சொல்லி நன்றி.
அதை மேற்கோள் காட்டியவர் இதுவரை யாருமில்லை.
மூலக் கட்டுரையோ
தவறான குறியோடு
அறுநூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது.
இரண்டு எண்ணையும் பார்க்கிறேன் இப்போது,
கோப்பி ஆறியே போகிறது.

நேற்று எங்கள் புளோக் மின்தூக்கி
பத்தாம் மாடியில் குலுங்காமல் நின்றது.
கதவு திறக்குமுன்
அந்தக் கொசு ரீங்காரம், ஒரு நொடி.
எங்கோ எவரோ ஒரு வரியை மாற்றியிருப்பார்,
மாத்திட்டேன் என்று எழுதிவிட்டுச்
சாப்பிடப் போயிருப்பார்.
உள்ளே வந்த பையன் பந்தைத் தட்டிக்கொண்டே
ஏன் இறங்கலையா ஆன்ட்டி என்றான்.

கைப்பேசி ஒளிர்ந்தது. ரெத்னோ.
பன்னிரண்டாம் சமன்பாடு பற்றியும்
ஒரு சின்னச் சந்தேகம்.